புளியமரத்தடியிலிருந்து ஸ்டூடியோவுக்கு: புருசன் பொண்டாட்டி பஞ்சாயத்தின் கதை

மக்களே, கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு எடுத்துக்கிட்டு உட்காருங்க.

அடுத்த வீட்டு சண்டையை வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு கேக்கறது நமக்குப் புதுசு இல்லை. ஆனா முன்னப்பின்ன தெரியாத ஒரு குடும்பத்தோட சண்டையை, ராத்திரி தோசைக்குத் தொட்டுக்க சட்னி மாதிரி வச்சுக்கிட்டுப் பாக்கற பழக்கம் எப்ப வந்துச்சு? அதுக்கு முன்னாடி அந்தச் சண்டையெல்லாம் எங்க போய்த் தீர்ந்துச்சு? இந்த ரெண்டு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நாளா அங்கங்க படிச்சதும், ஊர்ல பெருசுங்ககிட்ட கேட்டதும்தான் இந்தப் பதிவு.

எங்க ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. சேலத்துக்கு வடக்கால, ஏற்காடு அடிவாரத்துல இருக்கு. இப்ப டவுனோட ஒட்டிப் போச்சு. எங்க அப்பாயி வாழ்க்கைப்பட்டு வந்த காலத்துல இது சுத்தமான பட்டிக்காடு. அப்பல்லாம் புருசன் பொண்டாட்டி சண்டை முத்துனா முதல்ல மாமன் மச்சான் பேசுவாங்க. அதுல தீரலைன்னா கோயிலுக்கு முன்னால, புளியமரத்தடியில பெரியதனக்காரங்க உட்காருவாங்க. ரெண்டு பக்கமும் வெத்தலை பாக்கு வச்சு, ஒரு தொகை கட்டணும். பேசி முடிச்சு ஒண்ணு சேர்த்து வைப்பாங்க, இல்லைன்னா "தீர்த்து" விடுவாங்க. தீர்த்து விட்டா பொண்ணு வீட்டுப் பாத்திரம் பண்டம், கட்டில், பீரோ எல்லாம் வண்டி ஏறித் திரும்பிப் போகும். ஒரு பத்திரம் எழுதி ரெண்டு பேரும் கைநாட்டு. அவ்வளவுதான் விவாகரத்து.

இது சட்டத்துக்குப் புறம்பானதுன்னு நினைக்காதீங்க. 1955 இந்து திருமணச் சட்டத்தோட 29(2) பிரிவு, வழக்கத்தால வந்த விவாகரத்து உரிமையை அப்படியே விட்டு வச்சிருக்கு. ஆனா கோர்ட்டுக்குப் போனா, எங்க சாதியில இந்த வழக்கம் காலகாலமா இருக்குன்னு நிரூபிக்கணும், அது சுலபம் இல்லை.

அந்தப் பஞ்சாயத்து ஒண்ணும் தேன் தடவுன சமாச்சாரம் இல்லைங்க. "அந்தக் காலம் பொற்காலம்"னு பதிவு எழுதறவங்களைப் பாத்தா எனக்கு எரிச்சல்தான் வரும். உட்கார்ந்திருக்கறது அத்தனையும் ஆம்பளைங்க. காசு இருக்கறவன் பக்கம் கொஞ்சம் சாயும். வேற சாதியில கட்டிக்கிட்டவங்களுக்கு அங்க நியாயமே கிடையாது. அப்பாயி சொல்லும்: "அங்க பொம்பளைக்குக் காதுதான்டா, வாய் கிடையாது." அடி வாங்கினவ தூணுக்குப் பின்னால நிப்பா, அவளுக்காக அவ அண்ணன் பேசுவான்.

ஒரே ஒரு விசயம் மட்டும் கவனிங்க. அந்தச் சண்டையைப் பாத்தவங்க நூறு பேர், மிஞ்சிப் போனா இருநூறு பேர். எல்லாரும் அந்தக் குடும்பத்துக்குத் தெரிஞ்சவங்க. பாத்தவன் வீட்டுச் சண்டை அடுத்த மாசம் அதே மரத்தடிக்கு வரும். அதனால பேச்சு ஒரு அளவோட நிக்கும்.

சட்டம் என்ன பண்ணுச்சுன்னா, இந்தக் கூட்டத்தையே வெளியில அனுப்பிக் கதவைச் சாத்துச்சு. இந்து திருமணச் சட்டம் 22-வது பிரிவைப் படிச்சீங்கன்னா ஆச்சரியமா இருக்கும். 1976 திருத்தத்துக்கு அப்புறம், இந்தச் சட்டத்துக்குக் கீழ வர்ற வழக்கு விசாரணை எல்லாமே மூடின அறையில்தான் நடக்கணும். அந்த நடவடிக்கையைப் பத்தி யாரும் அச்சடிக்கவோ வெளியிடவோ கூடாது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மட்டும் கோர்ட் அனுமதியோட போடலாம். மீறினா அபராதம், ஆயிரம் ரூபா வரைக்கும். (சிரிக்காதீங்க, இன்னைக்கும் அதே ஆயிரம் ரூபாதான்.) 1984-ல வந்த குடும்ப நீதிமன்றச் சட்டமும் அதே திசையிலதான் போச்சு. ரெண்டு பேர்ல ஒருத்தர் கேட்டாலே கதவைச் சாத்திடணும், முதல்ல சமரசத்துக்கு முயற்சி பண்ணணும், வக்கீல் வச்சுக்கறது உரிமையா கிடையாது. நோக்கம் நல்ல நோக்கம்தான். சாமானியன் பயமில்லாம வந்து பேசணும், பேசினது வெளியே போகக்கூடாது.

நடைமுறையில என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். வாய்தா, வாய்தா, வாய்தா. பரஸ்பர சம்மதத்துல பிரியறதுக்கே ஒரு வருசம் தனியா இருந்து, மனு போட்டு, மேல ஆறு மாசம் காத்திருக்கணும்னு இருந்துச்சு. அந்த ஆறு மாசத்தைத் தேவைப்பட்டா தளர்த்தலாம்னு உச்ச நீதிமன்றம் சொன்னதே 2017-லதான். ஒருத்தர் ஒத்துக்கலைன்னா வருசக் கணக்கு. பட்டறையில கொலுசு பத்த வச்சுக் கூலி வாங்கற பொம்பளைக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி. ஊர்ப் பஞ்சாயத்து செத்துப் போச்சு, கோர்ட்டு எட்டலை. 1992-ல சென்னை ஆயிரம் விளக்குல முதல் மகளிர் காவல் நிலையம் திறந்து, அப்புறம் மாவட்டம் மாவட்டமா வந்தப்போ கூட்டம் அங்க அலைமோதுச்சு. ஆனா போலீஸ் ஸ்டேசன் படியேறவே பயந்தவங்களும் இருந்தாங்க. இந்த நடு இடைவெளியிலதான் டிவி வந்து உட்கார்ந்துச்சு.

டிவிக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொரு வழக்கைச் சொல்லியாகணும். எங்க ஊர்லேர்ந்து டவுனுக்குப் போனா அஸ்தம்பட்டி வரும். சேலம் மத்திய சிறை அங்கதான். 1995 ஏப்ரல்ல ஆட்டோ சங்கரைத் தூக்குல போட்டது இந்த ஜெயில்லதான். அந்த ஆளு ஜெயில்ல இருந்தப்போ எழுதின சுயசரிதையை நக்கீரன் வெளியிடப் போக, அதிகாரிங்க தடுக்கப் பாத்தாங்க. எந்தெந்தப் பெரிய மனுசன் பேரு அதுல வருமோன்னு பயம். வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1994 அக்டோபர்ல தீர்ப்பு வந்துச்சு. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு. பொது ஆவணத்துல இருக்கறதை வச்சு எழுத அனுமதி தேவையில்லைன்னு பத்திரிகைக்குச் சாதகமா சொன்ன அதே தீர்ப்புல இன்னொரு வரியும் இருக்கு. ஒருத்தரோட கல்யாணம், குடும்பம், பிள்ளைப்பேறு, தாய்மை இதையெல்லாம் அவங்க சம்மதம் இல்லாம வெளியிடக் கூடாது. உண்மையா இருந்தாலும் கூடாது, பாராட்டி எழுதினாலும் கூடாது. ஆனா ஒருத்தர் தானா வந்து சர்ச்சையில தலையைக் கொடுத்தா நிலைமை வேறயா இருக்கலாம்னு ஒரு வாசலையும் திறந்து வச்சாங்க.

அந்த வாசல் வழியாத்தான் பின்னாடி வந்த நிகழ்ச்சிங்க எல்லாம் உள்ள நுழைஞ்சுச்சு. "அவங்களாத்தானே வந்தாங்க? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்களே?"

இந்த வேலையை முதல்ல ஆரம்பிச்சு வச்சது அமெரிக்காக்காரன். 1971-ல கலிஃபோர்னியாவில சாண்டா பார்பராங்கற ஊர்ல லவுட்னு ஒரு வசதியான குடும்பம். அப்பா, அம்மா, அஞ்சு பிள்ளைங்க. ஏழு மாசம் கேமராவை வீட்டுக்குள்ள விட்டாங்க. 1973-ல பொதுத்துறைத் தொலைக்காட்சியில 12 வாரம் ஓடுச்சு, 'ஆன் அமெரிக்கன் ஃபேமிலி'ன்னு பேரு. அந்தத் தொடரிலேயே பாட் லவுட் தன் புருசனை வீட்டை விட்டு வெளியே போகச் சொல்றாங்க, கேமரா முன்னாடி. கேமராவால கல்யாணம் உடைஞ்சுதா, உடையப் போற கல்யாணத்தைக் கேமரா பாத்துதான்னு அப்பவே அடிச்சுக்கிட்டாங்க. 2001-ல மூத்த பையன் லான்ஸ் சாகும்போது, நீங்க ரெண்டு பேரும் திரும்பச் சேர்ந்து வாழணும்னு கேட்டுக்கிட்டானாம். சேர்ந்தாங்க. கடைசி வரைக்கும் ஒரே வீட்டுல இருந்தாங்க. இதை முதல் தடவை படிச்சப்போ எனக்குத் தொண்டை அடைச்சது, ஒத்துக்கறேன்.

அந்தக் குடும்பத்துக்காவது படிப்பு, பணம், பதில் பேசற வாய் இருந்துச்சு. ஜெர்ரி ஸ்பிரிங்கர் (1991-லேர்ந்து 2018 வரைக்கும்), இங்கிலாந்துல ஜெரமி கைல் (2005-லேர்ந்து 2019 வரைக்கும்) இவங்க மேடைக்கு வந்ததுல பெரும்பாலும் ஏழைங்க. 2007-லேயே மான்செஸ்டர்ல ஒரு நீதிபதி, அந்தக் காலத்துல கரடியைக் கட்டி வச்சு நாயை ஏவி வேடிக்கை பாத்தாங்களே, அதோட மனுச வடிவம்தான் கைல் நிகழ்ச்சின்னு திட்டினார். 2019-ல பொய் கண்டறியும் சோதனையில தோத்துப்போன ஒருத்தர் படப்பிடிப்பு முடிஞ்ச சில நாள்ல செத்துப் போனார். அப்புறம்தான் நிகழ்ச்சியை நிறுத்துனாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1993 தமிழ்ப் புத்தாண்டுக்கு சன் டிவி வந்துச்சு. விசுவோட அரட்டை அரங்கத்துல சாதாரண சனங்க மைக் பிடிச்சுத் தன் கஷ்டத்தைச் சொல்லி அழுதாங்க, நாமளும் சேர்ந்து அழுதோம். விஜய் டிவியில நடிகை லட்சுமி நடத்துன 'கதையல்ல நிஜம்'ல குடும்ப விவகாரம் நேரா வரவேற்பறைக்கு வந்துச்சு. 2006-ல 'நீயா நானா' ஆரம்பிச்சு மாமியார் ஒரு பக்கம், மருமக ஒரு பக்கம்னு எதிரெதிரா உட்கார வச்சாங்க. அதே 2006-ல கலைஞர் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சு, சில வருசத்துல ஒரு கோடி வீட்டுக்கு மேல அந்த 14 இன்ச் பெட்டி போய்ச் சேர்ந்துச்சு. 2011-ல அரசு கேபிள், மாசம் 70 ரூபா. எங்க தெருவில ஓலைக் கொட்டாய்ல கூட நீலமா வெளிச்சம் தெரியும்.

சரியா அந்த 2011-லதான் ஜீ தமிழ்ல 'சொல்வதெல்லாம் உண்மை' ஆரம்பம். முதல்ல செய்தி வாசிப்பாளர் நிர்மலா பெரியசாமி, அப்புறம் இயக்குநர் லட்சுமி ராமகிருஷ்ணன். முதல்ல புகார் சொல்றவங்க வருவாங்க. பாதியில எதிர்த்தரப்பு உள்ள வரும். அப்புறம் அந்த 'இன்னொரு பொண்ணு', இல்லைன்னா 'இன்னொரு ஆளு'. கத்தல், அழுகை, சில நாள்ல கன்னத்துல அறை. கொதிநிலைக்கு வந்ததும் "தொடரும்". நாளைக்கு ராத்திரி வரைக்கும் ஒரு கல்யாணம் அந்தரத்துல தொங்கும்.

அதைக் கிண்டல் பண்றது சுலபம். பண்ணவும் பண்ணினோம். "என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா"ன்னு தமிழ்நாடே சொல்லிச் சிரிச்சுது. விஜய் டிவி காமெடியில வந்து, 2016 பொங்கலுக்கு ரஜினிமுருகன் படத்துல பாட்டாவே போட்டாங்க. 2017-ல அருவி படம் அதே மாதிரி ஒரு நிகழ்ச்சியை உரிச்சுத் தொங்கப் போட்டது. ஆனா நாம சிரிச்ச அந்த மேடைக்கு ஏன் சனம் போச்சுங்கறதை யாரும் யோசிக்கலை.

எங்க பக்கத்துத் தெருவில ஒரு அக்கா இருந்தாங்க. புருசன் இன்னொரு குடும்பத்தோட வேற ஊர்ல. கோர்ட்டுல ஜீவனாம்சம் கேட்டு அலைஞ்சு செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். ஒரு நாள் சொன்னாங்க: "ஏந்தம்பி, ஜட்ஜு என் மூஞ்சியவே பாக்கல. அந்த டிவி அம்மாவாச்சும் மூஞ்சியப் பாத்துக் கேக்குது. அந்தாளு நாலு பேருக்கு முன்னால தல குனிஞ்சு நிக்கோணும், எனக்கு அது போதும்." அவங்க கடைசியில போகலை. ஆனா அந்த நியாயத்தை என்னால லேசுல தள்ள முடியலை. தூணுக்குப் பின்னால நின்ன பொம்பளைக்கு அந்த சோபாவில வாய் கிடைச்சுது. அடிச்சவனைக் கேமரா முன்னாடி உட்கார வச்சு ஒரு பொம்பளை அதட்டுனதை நம்ம வீட்டுப் பொம்பளைங்க ரசிச்சுப் பாத்தாங்க. எங்க வீட்டுலயும்தான்.

அப்ப எது தப்பு? என் பார்வையில, சம்மதம்ங்கற வார்த்தைதான் பெரிய ஓட்டை. புகார் கொடுத்தவங்க சம்மதிச்சாங்க சரி. கூட்டிட்டு வரப்பட்ட எதிர்த்தரப்பு? "வரலைன்னா உன் மேல தப்பு"ன்னு ஊரே சொல்லும்போது அது என்ன சம்மதம்? அதுக்கும் மேல, மடியில உட்கார்ந்திருந்த பிள்ளைங்க? அவங்க எங்க கையெழுத்துப் போட்டாங்க?

சொந்தத்துல நடந்ததைச் சொல்றேன். எந்த சேனல், எந்த நிகழ்ச்சின்னு வேணாம். ஒரு பையனுக்குப் பொண்ணு பாத்தோம். நல்ல பையன், ஓசூர்ல வேலை. ஜாதகம் பொருந்தி, பொண்ணு வீட்டுல கை நனைச்சு, உப்பு சர்க்கரை மாத்த நாள் குறிக்கற நேரத்துல பேச்சு நின்னு போச்சு. காரணம் ஒரு வீடியோ. பையனுக்குப் பத்து வயசு இருக்கும்போது அவன் அம்மாவும் அப்பாவும் ஒரு டிவி நிகழ்ச்சியில போய் உட்கார்ந்திருக்காங்க. அம்மா மேல அப்பா சந்தேகப்பட்டு வாய்க்கு வந்ததைப் பேசறார், பக்கத்துல பையன் நிக்கறான். இத்தனைக்கும் அந்த ரெண்டு பேரும் அதுக்கப்புறம் சமாதானமாகி இன்னைக்கும் ஒண்ணாத்தான் இருக்காங்க. ஊர்ல இதை யாரும் ஞாபகம்கூட வச்சிருக்கலை. பொண்ணோட சித்தப்பா ஃபோன்ல தேடினாரு, மூணு பாகமா வந்துச்சு. அந்தப் பையன் எங்கிட்ட கேட்டது: "அண்ணா, அவங்க சண்டை போட்டாங்க, சேந்துட்டாங்க. அந்த வீடியோ மட்டும் ஏன் இன்னும் சண்டை போட்டுட்டே இருக்கு?"

2017 ஆகஸ்ட்ல புட்டசாமி வழக்குல ஒன்பது நீதிபதிங்க உட்கார்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. அடுத்த வருசம் 2018 ஜூன்ல, ஏழைக் குடும்பங்களோட அந்தரங்கத்தை ஒளிபரப்புறாங்கன்னு போட்ட வழக்குல மதுரைக் கிளை 'சொல்வதெல்லாம் உண்மை'க்கு இடைக்காலத் தடை போட்டுச்சு. கோர்ட்டு வேலையை டிவி பண்ணலாமாங்கற கேள்வி கோர்ட்டுக்கே போச்சு. 22-வது பிரிவு இங்க நேரடியாப் பாயாது. டிவி மேடை கோர்ட்டு நடவடிக்கை இல்லையே! கோர்ட்டுல சொன்னா வெளியிடக் கூடாது, அதையே ஸ்டூடியோவில சொன்னா விளம்பரத்தோட வெளியிடலாம். விசித்திரம்தான்.

அதே 2018-ல இன்னொரு கூத்து, இதைச் சுருக்கமா முடிச்சுடறேன். கலர்ஸ் தமிழ்ல 'எங்க வீட்டு மாப்பிள்ளை', பதினாறு பொண்ணுங்க, ஒரு ஆர்யா. கடைசியில யாரையும் தேர்ந்தெடுக்காம எழுந்துட்டார். 2019 மார்ச்ல சாயிஷாவைக் கட்டிக்கிட்டார். வடக்கே ராக்கி சாவந்த் 2009-ல சுயம்வரம் நடத்தி நிச்சயம் வரைக்கும் போய் முறிஞ்சுது. ராகுல் மகாஜன் 2010-ல டிவியிலேயே தாலி கட்டி, 2015-ல விவாகரத்து. விளையாட்டுக்குப் பண்ணதுன்னு இதை விட்டுடலாம்.

விளையாட்டுன்னு விட முடியாதது 2019 பிக்பாஸ் மூணாவது சீசன். லொஸ்லியா, இலங்கைச் செய்தி வாசிப்பாளர். அப்பா கனடாவில. பல வருசம் கழிச்சு அப்பாவும் மகளும் பாத்துக்கிட்டது அந்த வீட்டுக்குள்ள, அத்தனை கேமரா முன்னாடி. கட்டிப் பிடிச்சு அழுதுட்டு, உடனே கண்டிப்பு. சக போட்டியாளர் கவினோட பழகறதைப் பத்தி. ஈழத்துக் குடும்பம், போர், புலம்பெயர்வு, பிரிவு, மானம், அப்பன் பாசம் எல்லாம் ஒரு அரை மணி நேரத்துல. அடுத்த வருசமே கனடாவில அப்பா காலமாயிட்டார். அந்தச் சந்திப்பை எத்தனை லட்சம் பேர் பாத்து விமர்சனம் எழுதியிருப்போம்!

2022-ல 'நீயா நானா'வுல அதிகம் சம்பாதிக்கிற மனைவிகள் தலைப்பு. மகளோட ரேங்க் கார்டை எழுத்துக் கூட்டி நிதானமா ரசிச்சுப் படிக்கற அப்பாவை மனைவி லேசா எடுத்துப் பேச, கோபிநாத் அந்த அப்பாவுக்கு மகள் கையால பரிசு கொடுக்க வச்சார். எனக்கும் கண்ணு கலங்குச்சு. மறுநாள் ஊரே அந்தம்மாவைத் திட்டித் தீர்த்துச்சு. ஒரு வாக்கியத்துக்காக. வீட்டுல அவங்க எப்படி இருந்தாங்கன்னு பாத்த மாதிரி நாம தீர்ப்பு எழுதினோம். பெரியதனக்காரங்களாச்சும் வெத்தலை பாக்கு வாங்கிட்டுத் தீர்ப்பு சொன்னாங்க.

இப்பல்லாம் ஸ்டூடியோவே தேவையில்லை. சண்டை போட்ட தம்பதி வீட்டு வாசல்லயே யூட்யூப் மைக் பத்து நிக்குது.

அந்தப் பையன் விசயம் எங்க நிக்குதுன்னு கேப்பீங்க. வீடியோ போட்ட தளத்துல, தன்னோட முகம் அடையாளம் தெரியுதுன்னு புகார் கொடுக்க ஒரு படிவம் இருக்கு. போன ஞாயித்துக்கிழமை அவனும் அவங்க அம்மாவும் வந்தாங்க. மூணு பாகத்துக்கும் தனித்தனியா நிரப்பினோம். எந்த நிமிசத்துல எந்த நொடியில தன் முகம் வருதுன்னு குறிக்கணுமாம். அதுக்காக அந்தம்மா அந்த வீடியோவை முழுசா உட்கார்ந்து பாக்க வேண்டியதாப் போச்சு. பாத்துக்கிட்டே வரும்போது ஒரு இடத்துல, "இந்தப் பொடவ நல்ல பொடவ, எங்க போச்சோ தெரியல"ன்னாங்க. இன்னும் பதில் வரலை.

டிஸ்கி: ஆட்டோ சங்கர் - நக்கீரன் வழக்குக்குத் தனிப் பதிவு வேணும், ஒரு பத்தியில அடங்கற கதை இல்லை. அடுத்து அதுதான்.